கல்லு மாதிரி காற்று

மேசைமேல் அசையாமல் கிடக்கும் முடுக்கமானியைக் கணினியோடு இணைத்தால் 9.8 மீ/வி² என்று காட்டும். அதைக் கைநழுவ விட்டால் தரையைத் தொடும்வரை பூஜ்யம் காட்டும். மணிக்கு 900 கிலோமீட்டர் வேகத்தில் குலுங்காமல் பறக்கும் விமானத்தில் வைத்தாலோ, மேசைமேல் காட்டிய அதே 9.8தான். கிடப்பதற்கும் பறப்பதற்கும் வேறுபாடு தெரியாத, விழும்போது ஒன்றுமே நடக்கவில்லை என்று சாதிக்கிற இந்தக் கருவியைத்தான் பந்தய சைக்கிளில் கட்டுகிறார்கள். வண்டி எவ்வளவு நன்றாக ஓடுகிறது, ஓட்டுகிறவர் உடம்புக்கு எவ்வளவு சுகமாக இருக்கிறது என்பதை இதை வைத்துத்தான் அளக்கிறார்கள்.

ஆக்ஸிலரோமீட்டர் என்ற பெயரில் செல்போன் கடைவரை பழகிப்போன சரக்குத்தான். போனைப் படுக்கவைத்தால் படமும் சேர்ந்து திரும்புகிறதே, அது இதன் வேலை. சில மில்லிமீட்டர் அகலச் சில்லுக்குள் மிக மெல்லிய சிலிக்கான் கால்களில் ஒரு சிலிக்கான் துண்டு தொங்குகிறது. சில்லு நகர்ந்தால் துண்டு கொஞ்சம் பின்தங்கும். எவ்வளவு பின்தங்கியது என்பதை மின்தேக்குத்திறன் மாறுவதிலிருந்து கணக்கிட்டுவிடுகிறார்கள். பேருந்தில் கம்பியைப் பிடித்து நிற்பவரை நினைத்துக்கொண்டால் போதும். ஓட்டுநர் வண்டியைக் கிளப்பினால் பின்னால் சாய்வார், பிரேக் போட்டால் முன்னால் தள்ளப்படுவார், சீராக ஓடினால் அவர்பாட்டுக்கு நிற்பார். கண்ணை மூடிக்கொண்டு அவரால் வண்டியின் வேகத்தைச் சொல்ல முடியாது. வேகம் மாறுவதை மட்டும்தான் சொல்ல முடியும்.

நம் எல்லோருடைய காதுக்குள்ளும் இதே கட்டுமானம் இருக்கிறது. உட்செவியில் இரண்டு சின்னப் பைகள். அவற்றுக்குள் பசைபோன்ற ஒரு படலம், அதன்மேல் கால்சியம் கார்பனேட் துகள்கள், அதாவது சுண்ணாம்பு. தலை முடுக்கப்பட்டால் துகள்கள் பின்தங்கி, அடியிலுள்ள மயிர்ச்செல்களை வளைக்கும். பக்கத்திலேயே மூன்று அரைவட்டக் குழல்கள் தலை திரும்புவதைக் கவனித்துக்கொள்கின்றன. சில்லில் அந்த வேலையைக் கைரோஸ்கோப் பார்க்கிறது. வசதிகள் ஒன்றாக இருப்பதைப்போலவே குறைகளும் ஒன்று. இருட்டில் ஓடுபாதையிலிருந்து சீறிக் கிளம்பும் விமானிக்கு, விமானத்தின் மூக்கு அளவுக்குமேல் தூக்குவதாகத் தோன்றும். அதை நம்பி மூக்கைக் கீழே அழுத்தி விபத்தில் முடிந்த கதைகள் விமானத் துறையில் உண்டு. பின்னால் சாய்வதற்கும் முன்னால் முடுக்கப்படுவதற்கும் காதுக்கு வித்தியாசம் தெரிவதில்லை. 1907இல் பெர்ன் நகரக் காப்புரிமை அலுவலகத்தில் உட்கார்ந்திருந்த ஐன்ஸ்டைன், ஈர்ப்பையும் முடுக்கத்தையும் உள்ளேயிருந்து பிரித்துச் சொல்ல முடியாது என்று யோசித்தாரே, அதே சங்கடம்தான்.

சைக்கிளில் இந்தச் சங்கடம் அன்றாட விவகாரம். நூறு மீட்டருக்கு ஒரு மீட்டர் ஏறும் மேட்டில் ஒரே வேகத்தில் போகும் சைக்கிளும், சமதரையில் 0.098 மீ/வி² என்ற கணக்கில் வேகம் கூட்டும் சைக்கிளும் முடுக்கமானிக்கு ஒன்றேதான். அதனால் அதை மட்டும் நம்பி யாரும் வேகத்தைச் சொல்வதில்லை. சக்கரத்தின் சுற்றை எண்ணுகிறார்கள். மிதிகட்டையில் செலுத்தும் திறனை, 1986இல் ஜெர்மானியப் பொறியாளர் உல்ரிஷ் ஷோபரர் தொடங்கிவைத்த வழியில், வாட் கணக்கில் அளக்கிறார்கள். முடுக்கமானிக்கு ஒதுக்கப்பட்டிருப்பது இன்னொரு வேலை. சாலை வண்டியை எப்படிக் குலுக்குகிறது, அந்தக் குலுக்கலில் எவ்வளவு மனிதனை வந்து சேர்கிறது என்று கண்டறியும் வேலை.

குலுக்கலைப் பார்க்கவேண்டுமானால் வடக்கு பிரான்சுக்குத்தான் போகவேண்டும். பாரி–ரூபே பந்தயம் 1896 முதல் நடக்கிறது. இப்போது கோம்பியேன் நகரில் தொடங்கி ரூபே நகரின் சைக்கிள் மைதானத்தில் முடிகிறது. சுமார் 260 கிலோமீட்டர் தூரத்தில் 55 கிலோமீட்டர் அளவுக்குக் கல் பாவிய பழைய வயல்சாலைகள். முதல் உலகப்போர் முடிந்த 1919இல் குண்டுகள் கிழித்துப்போட்ட அந்த நிலத்தைப் பார்த்தவர்கள் ‘வடக்கின் நரகம்’ என்றார்கள். பெயர் நிலைத்துவிட்டது. நரகத்தின் நடுவில் ஆரன்பெர்க் என்ற காட்டுப்பாதை வருகிறது. சுமார் 2.3 கிலோமீட்டருக்கு நேர்கோடாக ஓடும் அந்தப் பாதையில் ஒரு கல் மேட்டிலும் அடுத்த கல் பள்ளத்திலும் கிடக்கும், இடுக்குகளில் சேறும் பாசியும். 1998இல் பந்தய வீரர் யோஹான் முசேவ் அங்கே விழுந்து முழங்கால் சில்லை உடைத்துக்கொண்டார்.

அந்தக் கற்களின்மேல் ஒரு சாதாரண செல்போனைக் கட்டிக்கொண்டு போனால் என்ன ஆகும் என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஒரு கல்லின் முகம் 14 செ.மீ. என்று வைத்துக்கொள்வோம். மணிக்கு 40 கிலோமீட்டர் என்றால் நொடிக்கு 11 மீட்டருக்குக் கொஞ்சம் மேல். ஆக நொடிக்கு 79 அடி விழுகிறது. போனின் சென்சார் நொடிக்கு நூறு தடவை பார்ப்பதாக அமைத்திருந்தால், அதனால் ஒழுங்காகப் பிடிக்கக்கூடியது நொடிக்கு ஐம்பது அதிர்வுவரைதான். அதற்கு மேலுள்ளது மடிந்து கீழே வந்து விழும். 79 அடியும் வரைபடத்தில் 21 என்று உட்கார்ந்துவிடும். ஓட்டியவரின் கையை நடுக்கிய அதிர்வு பதிவில் இருக்காது. அதற்குப் பதிலாக நடக்கவே நடக்காத ஓர் அதிர்வு வெகு தெளிவாக நிற்கும். (முன்கூட்டியே வடிகட்டி போட்டால் தீர்ந்தது என்று பொறியாளர்கள் சொல்வார்கள். போடலாம். எந்த இடத்தில் வெட்டுவது என்று தெரியவேண்டுமானால் என்ன வரப்போகிறது என்று முதலில் தெரிந்திருக்கவேண்டும்.) கருவி பொய் சொல்லாது என்கிற பேச்சைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு இந்த 21 ஞாபகம் வரும்.

உடம்பு சொல்லும் பொய்யோ இதைவிடப் பெரியது. வேகத்தை உணரும் புலன் நமக்கு இல்லாததால், அந்த இடத்தில் வேறு சாட்சிகளைக் கூப்பிட்டுக்கொள்கிறோம். முகத்தில் அறையும் காற்று, கண்ணோரம் ஓடும் மரங்கள், சங்கிலியின் சத்தம், கையிலும் இருக்கையிலும் ஏறும் நடுக்கம். காற்று ஓரளவு நாணயமான சாட்சி. நடுக்கத்தை நம்ப முடியாது. சொரசொரப்பான சாலையில் டயர் கெட்டியாக இருந்தால் நடுக்கம் கூடும். நடுக்கம் கூடினால் வண்டி பறப்பதுபோல் தோன்றும். காற்றைக் கொஞ்சம் இறக்கிவிட்டால் நடுக்கம் அடங்கும். உடனே ‘வண்டி செத்துப்போச்சு, இழுக்குது’ என்போம். கடிகாரம் என்ன சொல்கிறது என்று பார்ப்பதற்கு முன்பே தீர்ப்பு எழுதப்பட்டிருக்கும்.

நம் ஊர் சைக்கிள் கடைகளிலும் இதே சட்டம்தான் இருந்தது. பம்பை மிதித்துக் காற்றடித்துவிட்டுக் கடைக்காரர் கட்டைவிரலால் டயரை அமுக்கிப் பார்ப்பார். ‘கல்லு மாதிரி இருக்கணும்ணே’ என்று வாடிக்கையாளர் நிற்பார். கனத்த வண்டி, கனத்த சுமை, பின்னால் கேரியரில் இன்னொரு ஆள் என்னும்போது அதில் நியாயமும் இருந்தது. ஆனால் அதே நம்பிக்கைதான் உலகின் மிக விலையுயர்ந்த பந்தய சைக்கிள்களிலும் ஆட்சி செய்தது. 1990களில் பந்தயச் சாலைகளில் ஓடியவை 21 முதல் 23 மி.மீ. அகலமுள்ள டயர்கள், அவற்றில் எட்டு ஒன்பது பார் அழுத்தம். இதற்கு ஆய்வக ஆதாரமும் வைத்திருந்தார்கள். வழவழப்பான இரும்பு உருளையின்மேல் டயரை ஓடவிட்டு, உருள்வதற்கு எவ்வளவு எதிர்ப்பு என்று அளப்பார்கள். அழுத்தத்தைக் கூட்டக் கூட்ட எதிர்ப்பு குறைந்துகொண்டே போகும். எங்கேயும் திரும்புவதில்லை. கணக்கு சரி, உருளையும் சரி. அந்தச் சோதனையில் சைக்கிள்மேல் மனிதன் மட்டும் இல்லை.

மனிதனை உட்காரவைத்துச் சோதித்தவர்கள் அமெரிக்காவின் சியாட்டிலிலிருந்து வெளிவந்த ‘பைசிக்கிள் குவார்ட்டர்லி’ பத்திரிகைக்காரர்கள். தூங்கிப்போகும் ஓட்டுநரை எழுப்புவதற்காக நெடுஞ்சாலை ஓரத்தில் வரிவரியாகக் குழித்து வைத்திருப்பார்களே, அந்தப் பட்டையின்மேல் ஒருமுறை, அதையொட்டிய வழவழப்பான தாரில் ஒருமுறை என்று ஓட்டிப் பார்த்து, ஒரே வேகத்துக்கு மிதிக்கவேண்டிய வாட் எவ்வளவு மாறுகிறது என்று பார்த்தார்கள். மாற்றம் கொஞ்சநஞ்சமில்லை. பிறகு ஜோஷ் போர்ட்னர் போன்ற சக்கரப் பொறியாளர்கள் சாதாரணச் சாலைகளிலும் இதைத் தேடிப் பிடித்தார்கள். அழுத்தத்தை ஏற்றினால் ஓர் எல்லைவரை எதிர்ப்பு குறைகிறது. எல்லையைத் தாண்டியதும் மளமளவென்று ஏறுகிறது. சாலை எவ்வளவு மோசமோ அந்த எல்லை அவ்வளவு சீக்கிரம் வருகிறது.

ஏன் ஏறுகிறது? இதற்குப் பதில் முடுக்கமானியிடம்தான் இருக்கிறது. முன்சக்கர அச்சில் ஒன்று, ஹேண்டில்பாரில் ஒன்று, மணிக்கட்டில் ஒன்று, முழங்கையில் ஒன்று, தலைக்கவசத்தில் ஒன்று என்று கட்டிப் பார்த்தால், அச்சில் வெறிபிடித்து ஆடும் கோடு மேலே வரவர அடங்கும். கல் சாலையில்கூடத் தலை கிட்டத்தட்ட அமைதியாக இருக்கும். எதிரே வரும் பள்ளத்தைப் பார்க்கவேண்டிய கண் அங்கேதானே இருக்கிறது. வழியில் தொலைந்துபோன அதிர்வெல்லாம் உள்ளங்கைச் சதையிலும் முன்கைத் தசையிலும் தொடையிலும் அடிவயிற்றிலும் உரசி உரசிச் சூடாக மாறிவிட்டது. நாம் விலை கொடுத்து வாங்கும் எந்த ஸ்பிரிங்கையும்விட நல்ல அதிர்வடக்கி ஓட்டுகிறவரின் உடம்புதான். அந்தச் சூடு எங்கிருந்து வந்தது என்று பின்னோக்கிப் போனால் சங்கிலி வழியாக மிதிகட்டைக்குப் போய்ச் சேரும். முன்னால் போகவேண்டிய ஆற்றலில் ஒரு பங்கு கல்லில் இடித்து, மேல்நோக்கித் திரும்பி, மிதித்தவரின் உடம்புக்குள்ளேயே கரைகிறது. அவரே உழைத்துச் சம்பாதித்ததை வைத்து அவரையே உலுக்குகிறது சாலை.

இதை வாட்டில் சொல்லும் பழக்கம் சைக்கிளுக்கு முன்பே ராணுவத்தில் இருந்தது. 1960களில் அமெரிக்க ராணுவத்தின் டாங்கி ஆய்வாளர்கள், கரடுமுரடான நிலத்தில் வண்டி ஓட்டுபவரின் உடம்பு குலுக்கலிலிருந்து எவ்வளவு சக்தியை உறிஞ்சுகிறது என்று அளந்தார்கள். ஆறு வாட் தாண்டினால் ஓட்டுநர் தாங்கமாட்டார், யாரும் சொல்லாமலே வேகத்தைக் குறைத்துவிடுவார் என்பது அவர்கள் கண்ட கணக்கு. கனடாவின் கியூபெக்கில் ஷெர்புரூக் பல்கலைக்கழகத்தின் ‘வேலுஸ்’ ஆய்வுக் குழு இதே எண்ணத்தைப் பந்தய சைக்கிளுக்குக் கொண்டுவந்து, கை பிடிக்கும் இடத்திலும் உட்காரும் இடத்திலும் எவ்வளவு சக்தி உடம்புக்குள் போகிறது என்று அளக்கிறது. சுகக்கேட்டையும் உழைப்பையும் ஒரே அலகில் எழுத முடிந்ததுதான் இதில் பெரிய விஷயம். அதுவரை ஒன்று புலம்பலாகவும் மற்றது சாதனையாகவும் தனித்தனிக் கணக்கில் இருந்தன. ஒரே கணக்கில் எழுதிய பிறகுதான் ஒன்று மற்றதைத் தின்பது தெரிந்தது.

சட்டகத்தைப் பற்றிய பேச்சுக்கும் இங்கே ஒரு வார்த்தை. இரும்புச் சட்டகத்துக்கு உயிர் இருக்கிறது, அலுமினியம் முரடு, கார்பன் சுகம் என்று சைக்கிள்காரர்கள் மணிக்கணக்கில் பேசுவார்கள். 1990களில் ‘பைசிக்கிள் கைடு’ என்ற அமெரிக்கப் பத்திரிகை ஒரு காரியம் செய்தது. இத்தாலியச் சட்டகக் கைவினைஞர் அந்தோனியோ மோந்தோனிகோவிடம் ஒரே அளவில், ஒரே நிறத்தில், ஏழு சட்டகங்கள் செய்யச் சொன்னார்கள். குழாய் மட்டும் மலிவிலிருந்து மிக உயர்ந்த ரகம்வரை ஏழு விதம். எது எது என்று தெரியாமல் ஓட்டிப் பார்த்த அனுபவசாலியால் பிரித்துச் சொல்ல முடியவில்லை. எனக்கு இதில் ஆச்சரியமில்லை. முக்கோணங்களால் ஆன சட்டகம் மேலிருந்து கீழாக அமுங்குவது மிகச் சொற்பம். டயர் அதைவிடப் பல மடங்கு அமுங்குகிறது, இருக்கைக் கம்பியும் சட்டகத்தைவிட நன்றாக வளைகிறது. ஆயிரக்கணக்கில் பணம் கொடுத்து வாங்கும் ‘உணர்வு’ பெரும்பாலும் பெயிண்டிலும் பெயரிலும் இருக்கிறது. பம்பைக் கொஞ்சம் குறைவாக அடிப்பதற்குக் காசு இல்லை என்பதால் அதைப் பற்றி யாரும் விளம்பரம் போடுவதில்லை.

காற்றடைத்த டயர் வந்த கதையைப் பார்த்தால் இந்தப் பாடம் உலகத்துக்கு ஏற்கெனவே ஒருமுறை நடத்தப்பட்டது தெரியும். 1860களின் சைக்கிள்களுக்கு மரச்சக்கரம், அதன்மேல் இரும்புப் பட்டை. ஆங்கிலேயர்கள் அதை ‘எலும்பு குலுக்கி’ என்றே கூப்பிட்டார்கள். பெல்ஃபாஸ்டில் கால்நடை மருத்துவராக இருந்த ஜான் பாய்டு டன்லப்பின் சின்ன மகன் கல் பாவிய தெருவில் மூன்று சக்கர சைக்கிள் ஓட்டிக் குலுங்கிக்கொண்டிருந்தான். பிள்ளைக்குச் சிரமம் குறையட்டும் என்று அப்பா ரப்பர் குழாயில் காற்றை அடைத்து ஒரு மரவட்டின்மேல் கட்டினார். கட்டியதும் அதையும், பழைய திட ரப்பர் சக்கரத்தையும் முற்றத்தில் உருட்டிவிட்டுப் பார்த்தார். பழையது பாதியில் நின்றது. காற்றுச் சக்கரம் முற்றத்தைக் கடந்து வாயில் கம்பத்தில் மோதித் திரும்பியது. சுகத்துக்குச் செய்த பொருளுக்கு முதல் சோதனையே தூரத்தில் நடந்திருக்கிறது. 1888இல் காப்புரிமை வாங்கினார். (ராபர்ட் வில்லியம் தாம்சன் என்ற ஸ்காட்லாந்துக்காரர் 1845இலேயே இதே எண்ணத்துக்குக் காப்புரிமை எடுத்திருந்ததால் டன்லப்பின் உரிமை பிற்பாடு செல்லாமல் போனது வேறு கதை.) ஆனாலும் பருத்த, மெத்தென்ற அந்த டயரைப் பந்தயக்காரர்கள் ஏறெடுத்துப் பார்க்கவில்லை. 1889இல் பெல்ஃபாஸ்டில் வில்லி ஹியூம் அதை மாட்டிக்கொண்டு வரிசையாகப் பந்தயங்களை வென்ற பிறகுதான் எல்லோரும் கடைக்கு ஓடினார்கள்.

அதற்கடுத்த நூறு ஆண்டுகளில் என்ன செய்தோம்? பிள்ளையின் சிரமத்தைக் குறைக்க வந்த காற்றையே மேலும் மேலும் அடைத்து, கடைசியில் அதைக் கல்லாக்கினோம். இரண்டாவது முறையும் மெத்தென்ற டயருக்கு மரியாதை கிடைத்தது, அது வேகமானது என்று நிரூபணமான பிறகுதான். இப்போது பந்தயச் சாலைகளில் 28, 30 மி.மீ. சாதாரணம், ரூபே கற்களில் இன்னும் அகலமாகப் போகிறது. 2023இல் ஜம்போ–விஸ்மா அணி, ஓடிக்கொண்டிருக்கும்போதே டயரில் காற்றை ஏற்றி இறக்கும் சக்கர அச்சை அங்கே கொண்டுவந்தது. கல் வருமுன் இறக்கிக்கொள்ளலாம், தார் வந்ததும் ஏற்றிக்கொள்ளலாம். 2024இல் மத்தியூ வான் டெர் பூல் மணிக்கு 47.8 கிலோமீட்டர் சராசரியில் வென்றார், இந்தப் பந்தயத்தில் அதுவரை யாரும் அந்த வேகத்தைத் தொட்டதில்லை. எல்லாம் டயரால் வந்தது என்று சொன்னால் அபத்தம். பின்காற்று, உடை, உணவு, அணியின் தந்திரம் எல்லாவற்றுக்கும் பங்கு உண்டு. நான் சொல்ல வருவது வேறு. 1889இலும் சரி, இப்போதும் சரி, உடம்பு நோகாமல் இருப்பது நல்லது என்பது மட்டும் போதுமான காரணமாக யாருக்கும் படவில்லை. சுகம் வேலைக்குச் சேர வேகம் சிபாரிசுக் கடிதம் கொடுக்கவேண்டியிருந்தது.

இது சைக்கிள்காரர்களின் கிறுக்கு மட்டும் என்று எனக்குத் தோன்றவில்லை. கண் சிவக்க இரவு இரண்டு மணிவரை விழித்திருக்கும் பிள்ளைதான் படிக்கிற பிள்ளை. பத்து மணிக்குப் படுத்துத் தூங்கி அதே மதிப்பெண் வாங்குகிறவனை ‘மண்டை இருக்கு, உழைப்பு இல்லை’ என்போம். அலுவலகத்தில் சாப்பிட நேரமில்லாமல் ஓடுகிறவர் முக்கியமானவர். ஒன்றும் அலட்டிக்கொள்ளாமல் ஐந்தரைக்குக் கிளம்புகிறவரின் மேசையை எல்லோரும் ஓரக்கண்ணால் பார்ப்பார்கள். இங்கேயும் நாம் பார்ப்பது நகர்ந்த தூரத்தை அல்ல. தூரம் உணர்வுக்குத் தட்டுப்படுவதில்லை, காதுக்குள் இருக்கும் சுண்ணாம்புக்கு அது தெரியவே தெரியாது. தட்டுப்படுவது குலுக்கல். அதனால் குலுக்கலுக்கு மரியாதை செய்கிறோம், அதிகம் குலுங்குகிறவர் அதிக தூரம் போகிறார் என்று நம்புகிறோம், நம் குலுக்கல் கொஞ்சம் அடங்கினால் எங்கேயோ தேங்கிவிட்டோமோ என்று பயந்து மறுபடி பம்பை எடுக்கிறோம். ‘நீ நோகாமலே போகலாம், இன்னும் சீக்கிரமாகப் போவாய்’ என்று ஒரு சில்லு வந்து எண்ணால் எழுதிக் காட்டவேண்டியிருக்கிறது. காட்டினாலும் முதல் இரண்டு வாரம் நம்புவதில்லை.

ஆனால் அந்த எண்ணுக்கும் ஓர் எல்லை இருக்கிறது. உடம்பு முழுவதும் ஏறும் அதிர்வுக்கு ஐ.எஸ்.ஓ. 2631 என்ற சர்வதேசத் தரம் இருக்கிறது. மனித உடம்பு நொடிக்கு நான்கு முதல் எட்டுவரையிலான மேல்கீழ் அதிர்வுக்குத்தான் அதிகம் வாடும் என்பதால் அதற்குக் கூடுதல் எடை போட்டுக் கணக்கிடுவார்கள். 0.315 மீ/வி² க்குக் கீழே என்றால் சங்கடமில்லை, 2ஐத் தாண்டினால் மிக மிகச் சங்கடம். கல் சாலையில் பந்தய சைக்கிள் இந்த ஏணியின் கடைசிப் படியையும் தாண்டி நிற்கும். 2021இல் பெண்களுக்கு முதன்முதலாக பாரி–ரூபே நடந்தது. மழை, சேறு. இங்கிலாந்தின் லிசி டெய்னன் 80 கிலோமீட்டருக்கும் மேல் தனியாக முன்னால் ஓட்டி வென்றார். கையுறை போடவில்லை. மைதானத்தில் வந்து நின்றபோது ஹேண்டில்பாரில் சுற்றியிருந்த பட்டையில் ரத்தம் தோய்ந்திருந்தது. அந்தப் பட்டைக்கு அடியில் ஒரு சென்சார் இருந்திருந்தால் அது காட்டியிருக்கக்கூடிய எண்ணை என்னால் ஊகிக்க முடிகிறது. அவருக்கு அது சுகமா சங்கடமா என்பதை அந்த எண்ணை வைத்துச் சொல்ல எனக்குத் துணிச்சல் இல்லை. தேர்ந்து எடுத்துக்கொண்ட வலிக்கும் தலையில் விழுந்த வலிக்கும் சென்சாரில் தனித்தனிக் கோடு கிடையாது.

கைக்கு ஏறும் அதிர்வுக்கான தரம் எங்கிருந்து வந்தது என்று பார்த்தால் இது இன்னும் துலக்கமாகத் தெரியும். அதன் வேர் பந்தயத்தில் இல்லை. 1918இல் ஆலிஸ் ஹாமில்டன் என்ற மருத்துவர் அமெரிக்காவின் இண்டியானா மாநிலத்தில் பெட்ஃபோர்டு என்ற ஊருக்குப் போனார். சுண்ணாம்புக்கல் வெட்டும் தொழிலாளர்கள் கையில் காற்றழுத்தச் சுத்தியல்கள் வந்திருந்த காலம். குளிர்ந்த காலைகளில் அவர்களின் விரல்கள் ரத்தம் வடிந்ததுபோல் வெளுத்து மரத்துப்போவதை அவர் பார்த்துப் பதிவு செய்தார். அப்படிப்பட்ட கைகளை வைத்துத்தான், பல பத்தாண்டுகள் கழித்து, எவ்வளவு அதிர்வை எவ்வளவு நேரம் கை தாங்கும் என்று சட்டம் எழுதினார்கள். பந்தய சைக்கிளின் ஹேண்டில்பாரைச் சோதிக்கும் ஆய்வகம் இன்று எடுத்துவைத்துக்கொள்ளும் அளவுகோல் அந்தக் கல்வெட்டிகளின் விரலில் அளந்தது. ஆரன்பெர்க் பாதைக்கும் இப்படி ஓர் அடித்தளம் உண்டு. அதன் அடியில் நிலக்கரிச் சுரங்கம் இருந்தது. அங்கே வேலை பார்த்த, போலந்திலிருந்து குடியேறிய குடும்பத்துப் பையனான ஜான் ஸ்டாப்லின்ஸ்கி 1962இல் உலகச் சாம்பியன் ஆனார். 1968இல் அந்தப் பாதையைப் பந்தயத்தில் சேர்க்கச் சொன்னவரும் அவர்தான். அந்தச் சாலையின் கீழேயும் உழைத்து மேலேயும் ஓட்டியவர் அவர்.

கணக்கு எளிது. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2002ஆம் ஆண்டு நெறிமுறைப்படி, எட்டு மணி நேர வேலைக்குக் கையில் ஏறும் அதிர்வு 5 மீ/வி² ஐத் தாண்டக்கூடாது. அதிர்வு இரட்டித்தால் நேரம் பாதியாவதில்லை, கால்பங்காகிவிடும். கல் சாலையில் ஹேண்டில்பார் 20 காட்டுகிறது என்று வைத்துக்கொண்டால் அரை மணி நேரத்தில் அன்றைய அளவு முடிந்துவிடும். பந்தய வீரருக்கு அது ஆண்டில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. அவருக்காகக் கூட்டமாக உட்கார்ந்து டயரின் அழுத்தத்தைக் கால் பார் கணக்கில் விவாதிக்கிறார்கள், அதில் வேகம் கிடைக்கும் என்பதால்.

அதே சில்லு செல்போன் வைத்திருக்கும் எல்லோர் சட்டைப்பையிலும் இருக்கிறது. நம் தெருக்களில் குழாய் பதிப்பதற்காகப் பிரேக்கர் மெஷினை இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்துத் தார்ச்சாலையை உடைக்கிறவரின் மணிக்கட்டில் யாரும் அதைக் கட்டிப் பார்த்து நான் கண்டதில்லை. 12 மீ/வி² என்று வைத்தே கணக்குப் போடுகிறேன். காலை ஒன்பது மணிக்கு மெஷினைப் பிடித்து விடாமல் வேலை செய்தால் பத்தரை மணிக்கு முன்பே அவருடைய அன்றைய அளவு தீர்ந்துவிடும். மெஷினின் கைப்பிடியில், வலி தாங்காமல் அவரே சுற்றிக்கொண்ட பழைய சைக்கிள் டியூப் இருக்கும்.